கை வேலையாக இருக்கும்போது காதில் விழுந்த பாட்டு உங்களை எங்கே கொண்டுபோனது?

முத்தையன்கட்டுக்காரி (திங்கள், காலை 9.40)

நேற்றுக் காலை சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அங்கால் வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அது எப்போதும் பாடும், என் காதில் ஏறாது. நேற்று ஒரு பாட்டுத் தொடங்கியது. முன்னிசை முடிந்து முதல் வரி வருவதற்குள் என் கை நின்றுவிட்டது. மகள் வந்து "அம்மா, என்ன?" என்று கேட்கும்வரை பாதித் தேங்காயை வைத்துக்கொண்டு திருவலையில் அப்படியே இருந்திருக்கிறேன்.

நாங்கள் கிளிநொச்சிக்காரர். 1996 இல் நகரத்தை விட்டு மல்லாவிப் பக்கம் போனோம். ஒரு பெரிய பாலை மரம், அதன் கீழே தறப்பாள் கொட்டில், ஜாம் போத்தல் விளக்கு. மின்சாரம் இல்லை, பற்றரி வன்னிக்குள் வரவிடாத காலம். அண்ணாவிடம் ஒரு சின்ன ரேப் ரெக்கோடர் இருந்தது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின்சில்லில் முட்ட விட்டு, பெடலைக் கையால் சுற்றுவார். அதில்தான் கசற் ஓடும். கை தளர்ந்தால் பாடகரின் குரல் இழுபடும். தடித்து, நீண்டு, கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல வரும். "அப்பா, அப்பா!" என்று நாங்கள் கத்துவோம். அவர் சிரித்துக்கொண்டு வேகமாகச் சுற்றுவார், குரல் பழையபடி ஏறும்.

இந்தப் பாட்டில் அந்த இழுவை எப்போதும் இரண்டாவது சரணத்தில்தான் வரும். இன்றைக்கும் வானொலியில் கேட்டால், அந்த இடம் வரும்போது குரல் இழுபடப் போகிறது என்று என் காது காத்திருக்கிறது. அது இழுபடாமல் நேராகப் போய்விடும். அந்த இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கும்.

அப்பா 2009 இல் எங்களோடு வெளியே வரவில்லை. அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அல்பங்கள் இருந்த பெட்டியை எந்த இடத்தில் விட்டோம் என்று அம்மாவுக்கும் தெரியாது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு பாட்டு இருந்தால் அது எங்கே கொண்டுபோகிறது என்று சொல்லுங்கள். பாட்டின் பெயரை எழுத வேண்டாம், எழுதினால் இழை பாடகர்களைப் பற்றிய வாக்குவாதமாகிவிடும். மற்றது: மகன் அந்தப் பாட்டை என் போனில் இறக்கி வைத்திருக்கிறான், "விரும்பின நேரம் கேளுங்கோ" என்கிறான். இதுவரை நான் ஒருமுறையும் அதைத் தொடவில்லை. நானாகப் போட்டுப் போட்டுக் கேட்டால் அந்த இடம் தேய்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இது வீண் பயமா?

பாலைப்பழம் (திங்கள், காலை 10.15)

வீண் பயம் இல்லை அக்கா. எனக்கு நடந்தது. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் ஒரு பாட்டு. நெடுங்கேணி தாண்டிக் காட்டுக்குள் போகும்போது போட்டார்கள். வேலை கிடைத்து முதல் நாள் போய்க்கொண்டிருந்தேன், யன்னலால் மழைக்கு முந்திய மண் மணம். வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைத் தேடி எடுத்து ஒரு மாதம் ஓயாமல் கேட்டேன். இப்போது அதைக் கேட்டால் பஸ்ஸும் வரவில்லை, நெடுங்கேணியும் வரவில்லை. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்த அந்த ஒரு மாதம்தான் வருகிறது. தொடாதீர்கள்.

பழைய ரெக்கோடிங் பார் (திங்கள், பகல் 12.30)

தங்கச்சி, உங்கள் பதிவைக் கடையில் இருந்து வாசித்தேன். வாசித்து முடித்ததும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

புதுக்குடியிருப்பில் 2008 வரை ரெக்கோடிங் பார், அதாவது கசற்றில் பாட்டு அடித்துக் கொடுக்கும் கடை, வைத்திருந்தவன் நான். டைனமோ வேலையும் செய்து கொடுத்திருக்கிறேன். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். நாலு பெரிய பற்றரி போட்டாலும் அதே 6 வோல்ட்தான், ஆகவே அளவு பொருந்தும். ஆனால் டைனமோவில் வருவது ஆடலோட்டம். ரெக்கோடருக்கு நேரோட்டம் வேண்டும். நடுவில் டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டுக் கொடுப்போம். வானொலி என்றால் கை தளரும்போது சத்தம் குறைந்து கரகரக்கும், அவ்வளவுதான். கசற் அப்படியில்லை. உள்ளே மோட்டர் சுற்ற வேண்டும். மோட்டர் மெதுவானால் நாடா மெதுவாகும், குரல் இறங்கி இழுபடும். நீங்கள் எழுதிய அந்த "கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல" என்பது சரியான சொல். டைனமோவில் ஓடின கசற்றைக் கேட்டவருக்குத்தான் அது தெரியும்.

என் கடைக்கு வருபவர்கள் ஒரு கொப்பித் தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கசற்றில் ஏறக்குறைய 12 பாட்டு அடங்கும். அந்தத் தாளைப் பார்த்தால் ஆளின் வீட்டு நிலைமை தெரிந்துவிடும். ஒரு பெடியன் வருவான், பெயர் வேண்டாம். எத்தனை கசற் அடித்தாலும் ஒரே பாட்டை முதல் பக்கத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒருமுறை போடச் சொல்வான். ஏனடா என்று கேட்டேன். "அண்ணை, அந்தப் பக்கம் முடிஞ்ச உடனே பிரட்டிப் போட்டா இந்தப் பக்கமும் அதே பாட்டு. சுத்தத் தேவையில்லை, பற்றரி மிச்சம்" என்றான். அப்படி ஒரு பாட்டை இரண்டு முறை அடுத்தடுத்துக் கேட்க வேண்டிய தேவை அவனுக்கு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாடாவை முன்பின் சுற்றுவதற்குப் பேனையைத்தான் பாவிப்போம். என் சுட்டுவிரலுக்கு இன்றும் அந்தப் பழக்கம் இருக்கிறது. பழைய பாட்டு ஒன்று காதில் விழுந்தால் விரல் தானாக ஒரு சுற்றுச் சுற்றும்.

வட்டக்கச்சி வாத்தியார் (திங்கள், மாலை 4.05)

நான் உங்கள் எல்லோரையும்விட மூத்தவன், ஆகவே இலங்கை வானொலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொழும்பில் 1925 இல் தொடங்கிய நிலையம் அது. 1949 இல் ரேடியோ சிலோன் ஆனது, 1967 இல் கூட்டுத்தாபனம் ஆனது. எழுபதுகளில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வானொலி இல்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டில்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டும் போதும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' போகும்போது நான் கிணற்றடியில் நிற்க வேண்டும். அது முடியும்போது சைக்கிளில் ஏறியிருக்க வேண்டும். மணிக்கூடு பார்த்துப் பள்ளிக்கூடம் போன ஞாபகம் எனக்கு இல்லை.

'இசையும் கதையும்' என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் கதை எழுதி அனுப்புவார்கள். அதை வாசிக்கும்போது நடுநடுவே கதைக்குப் பொருந்தும் பாட்டுகளைப் போடுவார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே உழுந்து கொழிப்பார். கதையில் பிள்ளை வெளியூர் போகிறான் என்றால் அதற்கு ஒரு பாட்டு வரும், அம்மா சுளகைக் கீழே வைத்துவிடுவார். இப்போது இந்த இழையில் நாம் செய்வதும் அதுதான், பாட்டை மட்டும் போடவில்லை.

நான் சொல்ல வருவது இது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டு வந்தால் ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டது. என் கிணற்றடியும் பக்கத்து வீட்டு அடுப்படியும் ஒரே சரணத்தில் இருந்தன. இன்று ஒவ்வொருவர் காதிலும் தனித்தனிக் கம்பி. பிள்ளை என்ன கேட்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. நாளைக்கு அவனுக்கு அந்தப் பாட்டால் ஒரு ஞாபகம் வந்தால் அதைப் பங்குபோட யார் இருப்பார்? பிள்ளை, போனில் இருக்கும் பாட்டைக் கேட்பதென்றால் கேள். ஆனால் தனியே கேளாதே. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் போட்டுக் கேள்.

விசுவமடு விடியல் (திங்கள், மாலை 5.50)

சேர், தனித்தனிக் கம்பி என்று எங்கள் தலைமுறையை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கும் ஊர் முழுக்க ஒன்றாகக் கேட்ட பாட்டு ஒன்று உண்டு. பாண் வண்டிப் பாட்டு.

நான் 2003 இல் பிறந்தவன். ஆறு வயதில் செட்டிகுளம் முகாமில் இருந்தேன். திரும்பி வந்து காணியில் தகரக் கொட்டில் போட்டபோது எட்டு வயது. பற்றை வெட்டி முடியவில்லை, கிணறு இறைக்கவில்லை, தகரத்துக்குக் கீழே பகலில் இருக்க முடியாது. ஒருநாள் பின்னேரம் ரோட்டில் ஒரு ஆட்டோ அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. நானும் தங்கச்சியும் ஓடினோம். பின்பெட்டியில் கண்ணாடிக்குப் பின்னால் பாண், சீனிப் பணிஸ். அம்மம்மா "இஞ்ச எல்லாம் பாண் வண்டி வருதோ?" என்று கேட்டார். ஒரு பணிஸை நான்காகப் பிய்த்துச் சாப்பிட்டோம். ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். காணி உறுதியும் தெரியாது, மீள்குடியேற்றம் என்ற சொல்லும் தெரியாது. பாண் வண்டி வந்தால் அது ஊர்.

வளர்ந்த பிறகுதான் அது பேத்தோவன் 1810 இல் ஒரு பெண்ணுக்காக எழுதிய பியானோத் துண்டு என்று அறிந்தேன். அவர் இறந்து 40 வருடம் கழித்து 1867 இல்தான் அச்சில் வந்ததாம். பியானோவில் முழுதாக வாசித்ததைக் கேட்டுப் பார்த்தேன். நடுவில் எங்கள் வண்டியில் வராத பகுதிகள் எல்லாம் இருக்கின்றன, அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் முதல் ஒன்பது சுரம் வந்ததும் எனக்குச் சூடான தகரத்தின் மணம் வந்துவிடும். அது பேத்தோவனுக்குத் தெரியாது, எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும் தெரியும்.

சிலாவத்தைக் கரை (திங்கள், இரவு 8.20)

நான் இங்கே எழுதுவது குறைவு. என்னால் கேட்க முடியாத பாட்டு ஒன்று இருக்கிறது. மனைவி வலை பொத்தும்போது முணுமுணுப்பாள். சொல் பாதி, மெட்டு மீதி. 2004 மார்கழி 26 க்குப் பிறகு அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் போட்டால் எழுந்து வெளியே போய் நிற்பேன். எங்கள் பக்கத்தில் "ஏன் எழும்பினாய்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் வெளியே போய் நிற்கும்போது அங்கே ஏற்கனவே யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

நினைவு தேயட்டும் என்று நினைப்பவர்களும் இருக்கிறோம். கேட்டால் தேயும் என்பது உண்மையென்றால் நான் கேட்கத்தான் வேண்டும். முடியவில்லை.

பழைய ரெக்கோடிங் பார் (திங்கள், இரவு 8.45)

தம்பி, நீங்கள் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே நில்லுங்கள். அதுவும் சரிதான்.

வார்டுத் தங்கச்சி (செவ்வாய், காலை 6.10)

இரவு வேலை முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வவுனியாவில் தாதியாக இருக்கிறேன்.

ஏன் பாட்டு இப்படிச் செய்கிறது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். பெட்ர் ஜனாட்டா என்பவர் கலிபோர்னியாவில் மாணவர்களுக்கு அவர்கள் சிறுவயதில் கேட்டிருக்கக்கூடிய பாட்டுகளின் துண்டுகளைப் போட்டுக் காட்டி, அந்த நேரத்தில் மூளையைப் படம் எடுத்தார். 2009 இல் வெளியிட்டார். சொந்த நினைவைக் கொண்டுவந்த பாட்டுகளுக்கு, நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பக்கமாக இருக்கும் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. அந்தப் பகுதி பாட்டின் போக்கையும் பின்தொடர்கிறது, நம்மைப் பற்றிய நினைவையும் அதோடு சேர்க்கிறது. மறதி நோயில், அதாவது அல்சைமரில், கடைசியாகத் தேயும் இடங்களில் அதுவும் ஒன்று. பெயர் மறந்தவர்கள் பாட்டை மறக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இன்னொன்று, பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் கேட்ட பாட்டுகள்தான் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. நம் ஆட்கள் அந்த வயதில் எங்கே இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேறு நாட்டில் ஒருவருக்கு அந்த வயதுப் பாட்டு கல்லூரியையும் காதலையும் கொண்டுவரும். நமக்கு அதே வயதில் பங்கரும் தறப்பாளும் நிவாரண வரிசையும். காதலும் இருந்தது, அதையும் வரிசையில் நின்றுகொண்டுதான் செய்தோம். ஆகவே ஒரு நல்ல காதல் பாட்டைக் கேட்டு வன்னியில் ஒரு அம்மா அழுதால், பாட்டில் அழுகை இருக்கிறதா என்று தேடக்கூடாது.

எங்கள் வார்டில் ஒரு ஆச்சி இருந்தார். மகளைத் தெரியாது, நாள் தெரியாது. வெளியே கோயில் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் குரல் வந்தால் எழுந்து இருந்து முகம் கழுவத் தண்ணீர் கேட்பார். விடிந்துவிட்டது என்று அவருக்குச் சொன்னது அந்தக் குரல்தான்.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நினைவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் மாறித்தான் உள்ளே போகிறது. பாலைப்பழத்துக்கு நடந்தது அதுதான், புதிய ஒரு மாதம் பழைய ஒரு நாளின் மேல் படிந்துவிட்டது. ஆனால் எடுக்காமல் விட்டாலும் மங்கும். என் யோசனை: வருடத்தில் ஒருநாள் வையுங்கள். அப்பாவின் திதியன்று கேளுங்கள்.

ஸ்காபரோவில் இருந்து (செவ்வாய், காலை 7.30)

இங்கே வாசல் பனியை அள்ளும்போதெல்லாம் எனக்குப் புதூர் நாகதம்பிரான் பொங்கல்தான் வரும். அந்தப் பாட்டைப் போனில் போட்டுக்கொண்டுதான் அள்ளுவேன். 25 வருடமாகக் கேட்கிறேன், தேயவில்லை. முதலில் பொங்கல் மட்டும் வந்தது, இப்போது பொங்கலும் பனியும் சேர்ந்து வருகின்றன. ஊருக்கு வந்து நாகதம்பிரானில் நின்றபோது அதே பாட்டை ஸ்பீக்கரில் கேட்டேன். வெயிலில் நின்றுகொண்டு எனக்குக் கை விறைத்தது. இதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஊரும் எனக்கு ஊர்தானே.

கனகராயன் (செவ்வாய், காலை 11.00)

முத்தையன்கட்டுக்காரி அக்கா, தனிமடலில் பாட்டின் பெயரைச் சொன்னதற்கு நன்றி. நான் பழைய பாட்டுகளின் விபரம் சேர்ப்பவன். ஒன்றைச் சொல்லலாமா விடலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். கோபிக்க வேண்டாம்.

அந்தப் படம் வந்தது 1999 இல். நீங்கள் மல்லாவியில் இருந்தது 1996, 97 என்கிறீர்கள். அந்தப் பாலை மரத்துக்குக் கீழே அந்தப் பாட்டு ஓடியிருக்க முடியாது.

பாலைப்பழம் (செவ்வாய், காலை 11.12)

இதை இப்போது சொல்லத்தான் வேண்டுமா அண்ணை? தகப்பனைப் பற்றிய ஞாபகம் அது. பரீட்சைத் தாள் இல்லை.

கனகராயன் (செவ்வாய், காலை 11.30)

அக்காவின் அப்பாவை மதிப்பதால்தான் சொன்னேன். எங்களுக்கு நடந்ததை மற்றவர்கள் பிழையாக எழுதுகிறார்கள் என்று இங்கே எத்தனை முறை கவலைப்பட்டிருக்கிறோம். நாங்களே எங்கள் வருடங்களைப் பிழையாக வைத்திருந்தால், பிறகு யாரிடம் போய்ச் சரியாகக் கேட்பது? அப்பா சுற்றியது நடந்ததுதான். அது எங்கே, எந்த வருடம் என்பதும் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முத்தையன்கட்டுக்காரி (செவ்வாய், மாலை 3.25)

கோபம் இல்லை தம்பி. வாசித்ததும் நெஞ்சு கொஞ்சம் அடைத்தது, அது உண்மை. 25 வருடமாக ஒரு படத்தை வைத்திருக்கிறேன். மரம், தறப்பாள், அப்பாவின் முதுகு, அந்தப் பாட்டு. அதில் ஒன்று பிழை என்றால் மற்றதெல்லாம் என்ன என்று பயம் வந்தது.

பகல் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அவன் வெளிநாட்டில், அங்கே விடியப்புறம். எழுப்பித்தான் கேட்டேன். அவன் சொல்கிறான், மல்லாவியிலும் டைனமோ சுற்றினோம், ஆனால் அப்போது வேறு கசற், பெரும்பாலும் பக்திப் பாட்டு. இந்தக் கசற் 2000 இல் முத்தையன்கட்டுக்கு வந்த பிறகு வாங்கியது. அங்கே மரம் இல்லை, குளக்கட்டுப் பக்கமாக ஓலைக் கொட்டில். 2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்து பற்றரி வரும்வரைக்கும் சுற்றினோமாம். "மரம் மல்லாவி, பாட்டு முத்தையன்கட்டு. நீதான் ரெண்டையும் சேர்த்துவிட்டாய்" என்றான்.

சரி, நான் சேர்த்துவிட்டேன். ஆனால் அந்த இழுவை? இரண்டாம் சரணத்தில் குரல் இறங்குவது? அதையும் நானாகச் சேர்த்தேனா? அண்ணாவுக்கு அது ஞாபகம் இல்லையாம். அதுதான் எனக்குக் கவலை.

பழைய ரெக்கோடிங் பார் (செவ்வாய், மாலை 4.00)

தங்கச்சி, அதில் சந்தேகப்படாதீர்கள். மரம் இடம் மாறலாம். கசற் இழுபடும் சத்தத்தை ஒருவர் மனதால் உண்டாக்க முடியாது. ஒரே ஒரு யோசனை. கை தளர்வது ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. களைப்பு நாளுக்கு நாள் வேறுபடும். எப்போதும் இரண்டாம் சரணத்தில்தான் இழுபட்டது என்றால், அந்த இடத்தில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. நாடாவில் மடிப்பு இருந்ததோ தெரியாது. இருந்தாலும் மடிப்பு என்றால் குரல் இறங்காது, நடுங்கும்.

வட்டக்கச்சி வாத்தியார் (செவ்வாய், மாலை 5.15)

இதை வாசித்தபோது என் தகப்பனார் ஞாபகம். அவர் வயல்காரர். அரிவி வெட்டுக்கு ஆட்கள் வரிசையாக இறங்கும்போது ஒருவர் பாட மற்றவர்கள் தொடர்வார்கள். பாட்டு வேகமானால் தாக்கத்தியும் வேகமாகும். சூடு மிதிக்கும்போது மாடுகளுக்கு ஒரு பாட்டு, இரவுக் காவலில் பன்றி கலைக்க வேறு பாட்டு. இப்போது வெட்டு மெசின் ஒரு மணித்தியாலத்தில் வயலை முடித்துவிடுகிறது. அதில் எனக்குக் குறை இல்லை, முதுகு ஒடிந்தவர்களைப் பார்த்தவன் நான். ஆனால் தகப்பனாரிடம் கடைசிக் காலத்தில் "அந்த அரிவிப் பாட்டைச் சொல்லுங்கோ, எழுதி வைப்பம்" என்று கேட்டேன். கதிரையில் இருந்தபடி அவருக்கு ஒரு வரியும் வரவில்லை. எழும்பி, குனிந்து, இடக்கையால் பிடிபிடிப்பதுபோலக் காட்டியபோது நான்கு வரி வந்தது. உப்பட்டி போடுவதுபோலக் கையை வீசியபோது மிச்சமும் வந்தது. பாட்டு வாயில் இருந்திருக்கவில்லை.

பிள்ளை, உங்கள் அம்மா இருக்கிறாவா? அவவிடம் கேட்டீர்களா?

முத்தையன்கட்டுக்காரி (செவ்வாய், மாலை 5.40)

இருக்கிறா சேர். 78 வயது. இரண்டு வருடமாக மறதி. என்னைச் சில நாள் தன் தங்கச்சி என்று நினைப்பா. கேட்டு அவவைக் குழப்ப விருப்பமில்லாமல் விட்டேன்.

வார்டுத் தங்கச்சி (செவ்வாய், இரவு 7.05)

கேள்வி கேட்க வேண்டாம் அக்கா. பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். பின்னேரத்தில் குழப்பம் கூடும், காலையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள். சத்தம் குறைவாக. குழம்பினாவென்றால் உடனே நிறுத்துங்கள்.

முத்தையன்கட்டுக்காரி (புதன், காலை 10.50)

போட்டேன்.

அம்மா விறாந்தையில் பாயில் இருந்தா. புட்டுச் சாப்பிட்டு முடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. நான் போனைப் பாயில் வைத்து, முதன்முதலாக என் கையால் அந்தப் பாட்டை அழுத்தினேன். கை நடுங்கியது.

முன்னிசைக்கு ஒன்றும் இல்லை. பல்லவிக்கும் ஒன்றும் இல்லை. முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தா. முதல் சரணத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. நான் அதையே பெரிதாக நினைத்தேன். பிறகு இரண்டாம் சரணம் தொடங்குவதற்கு முன்னால் வரும் இசையில், எழும்பப் போகிறவள்போல ஒரு கையை ஊன்றி முன்னால் நகர்ந்தா. மற்றக் கையை வெறும் காற்றில் நீட்டினா. எனக்கு வலப்பக்கம் யாரோ இருப்பதுபோல அங்கே பார்த்துச் சொன்னா:

"இஞ்சேருங்கோ, களைச்சுப் போனியள். விடுங்கோ, நான் சுத்துறன்."

சொல்லிவிட்டுச் சுற்றினா. பெடல் சுற்றும் அதே வட்டம், அதே அளவு. சரணம் முடியும்வரை சுற்றினா.

இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அப்பா கையை எடுத்து அம்மா கையைக் கொடுக்கும் அந்த ஒரு கணத்தில் சில்லு மெதுவாகியிருக்கிறது. அதுதான் அந்த இழுவை. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் கை மாறியிருக்கிறார்கள். நாங்கள் கசற்றைப் பார்த்துக்கொண்டு கத்தியிருக்கிறோம், பின்னால் இருட்டில் கை மாறியதை ஒருவரும் பார்க்கவில்லை. என் ஞாபகத்தில் இத்தனை வருடம் அப்பா மட்டும்தான் சுற்றினார்.

பாட்டு முடிந்ததும் அம்மா தோளைத் தடவிக்கொண்டு, "பிள்ளையள் படுத்திட்டினமோ?" என்று கேட்டா. படுத்திட்டினம் அம்மா என்றேன்.

சிலாவத்தைக் கரை (புதன், காலை 11.20)

வாசித்தேன் அக்கா. வேலையை விட்டுவிட்டுக் கரைக்குப் போய்ச் சற்று இருந்தேன்.

கனகராயன் (புதன், பகல் 12.05)

என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். 2000, முத்தையன்கட்டு, குளக்கட்டுப் பக்கம், ஓலைக் கொட்டில், இரண்டு பேர் சுற்றினார்கள்.

பழைய ரெக்கோடிங் பார் (புதன், பகல் 1.15)

தங்கச்சி, என்னிடம் 6 வோல்ட் டைனமோ ஒன்று இன்னும் இருக்கிறது. ரெக்கோடரும் இருக்கிறது, பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும், வவுனியாவில் கிடைக்கும். அந்தப் பாட்டை ஒரு கசற்றில் அடித்துத் தருகிறேன், இரண்டு பக்கமும். வைகாசியில் வட்டப்பளைப் பொங்கலுக்கு வரும்போது உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். சைக்கிள் உங்களிடம் இருக்கிறதுதானே?